பதினான்காம் தலைக்கட்டு

சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது என் கைப்பையில் பேத்தி மாலதியின் புகைப்படங்கள் பன்னிரண்டு, மதிப்பெண் பட்டியலின் நகல்கள் ஒன்பது, நன்னடத்தைச் சான்றிதழ்கள் நான்கு, கல்லூரி விண்ணப்பப் படிவம் ஒன்று இருந்தன. திங்கட்கிழமை திருவள்ளூரில் விடுதி அறைக்குள் நுழைந்து மறுபடி எண்ணினால் புகைப்படம் பதினொன்றுதான். கட்டிலுக்கு அடியில், தலையணை உறைக்குள், செருப்புக்குள் எல்லாம் தேடினேன். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் இரண்டு படங்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. பயணம் முழுவதும் நான் இப்படித்தான் இருந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. மலேயாவில் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் முப்பத்தொன்பது வருடம் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவன். மகன் செல்வராஜ் ஈப்போவில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். மாத்திரை விற்பவன் மகள் மாத்திரை எழுதித் தருபவளாக வேண்டும் என்பது அவன் ஆசை. எழுபதுகளில் எங்கள் பிள்ளைகளுக்கு அங்கே மேற்படிப்பில் இடம் கிடைப்பது அரிதாகிக்கொண்டு வந்தது. வசதி உள்ளவர்கள் இந்தியாவின் பக்கம் பார்த்தார்கள். சென்னையில் பெண்களுக்கான பெரிய கல்லூரி ஒன்று இருந்தது, பெயர் வேண்டாம். அங்கே பி.யு.சி.யில் சேர்ந்துவிட்டால் டாக்டர் படிப்பில் பாதி முடிந்த மாதிரி என்று ஈப்போவின் தகப்பன்மார் எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

மாலதியின் மதிப்பெண் பொதுப் பட்டியலுக்குப் போதாது. ஆனால் கல்லூரியின் விவரப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவக் குடும்பத்துப் பெண் ஒருத்திக்கு வருடத்துக்கு ஓர் இடம், யாரோ ஒரு நல்ல மனிதர் எழுதிவைத்தது. செல்வராஜ் அந்த வரியைப் பென்சிலால் மூன்று முறை கோடிட்டுக்கொண்டு வந்தான்.

"உங்க அப்பா அந்த ஏரிக்காரர்தானேப்பா? அப்ப மாலதியும் அந்த ஏரிதானே?" என்றான்.

என் தகப்பனார் சின்னத்தம்பி இருபது வயதில் கப்பலேறியவர். நான் பிறந்தது பேராக்கில். ஏரியை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் கணக்குப்படி அவன் சொன்னது சரி. அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். நாங்கள் அந்த ஊர்க் குடும்பம்தான் என்பதற்கு ஊராரின் சான்று ஒன்றும், அதன்மேல் கிராம முனிசீப்பின் முத்திரையும் வேண்டும். திங்களையும் சேர்த்து என்னிடம் ஐந்து நாட்கள் இருந்தன.

திருவள்ளூர் எனக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போனது. கோயில் குளத்தில் ஜனங்கள் வெல்லக் கட்டியைப் போடுகிறார்கள். வெல்லம் கரைவதுபோல நோய் கரையுமாம். கவலைக்கு எத்தனை கட்டி என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. காலையில் நாஷ்டா என்றார்கள். நான்கு இட்லி, மூன்று வகைச் சட்னி, ஒரு வடகறி. ஈப்போவில் டின் பால் ஊற்றிய கோப்பி குடித்துப் பழகிய நாக்குக்கு இங்கத்துக் காப்பி முதல் மிடறில் கசந்து, இரண்டாம் மிடறில் ஊரையே மறக்கடித்தது.

ரெவின்யூ ஆபீஸில் இருபத்தாறு பேர் காத்திருந்தார்கள். நான் இருபத்தேழு. என்னைக் கவனித்த குமாஸ்தா செவ்வாப்பேட்டையிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். மூன்று பேரேடுகளைப் பார்த்தார். சின்னத்தம்பி என்ற பெயரே இல்லை.

"நெலம் இருந்தா பேரு இருக்கும் சார். கடல்ல பட்டா ஏது? தண்ணி மேல இன்னான்னு எழுதறது?" என்றார்.

என் முகம் மாறியதைப் பார்த்து அவருக்கே பொறுக்கவில்லை போலும். பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தார். முன்பு ஒரு சமயம் இரண்டு குப்பங்களுக்கு நடுவே மீன்பிடி எல்லைத் தகராறு வந்ததாம். அப்போது ஒருவர் பழைய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாராம். பாட்டு நோட்டு என்று அதற்குப் பெயர். எந்தக் குடும்பம் எந்த நாளில் ஏரியில் வலை போடலாம் என்ற முறைக்குப் பாடு என்று பேர். அந்த முறைப்பட்டியல்தான் நோட்டு. பட்டாவைவிட அதை நம்பலாம், அதில் பெயர் இருந்தால் முனிசீப் கண்ணை மூடிக்கொண்டு முத்திரை போடுவார் என்றார். நோட்டை வைத்திருப்பவர் முனுசாமி. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி ஆலையில் வேலை. இவ்வளவையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொடுத்துவிட்டு, தன் ரயிலைப் பிடிக்க ஓடினார்.

செவ்வாய்க்கிழமை கும்மிடிப்பூண்டி பஸ் பெரியபாளையத்துக்கு இரண்டு மைல் இருக்கும்போது டயர் வெடித்தது. ஐம்பது நிமிடம். புளியமரத்தடியில் நாற்பத்தொரு பயணிகள். நான் கைக்கடிகாரத்தை ஏழாவது முறை பார்த்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் பேச்சுக் கொடுத்தார். பள்ளிப்பட்டுப் பக்கம். மடியில் ஒரு கூடை வேப்பிலை.

"நீங்களும் சீட்டுக்குதானா நைனா?"

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"பத்து நாளா சோறு எறங்காத மூஞ்சி. எங்க ஊட்டுக்காரருக்கும் இதே மூஞ்சிதான் இப்ப."

மகனுக்கு இன்ஜினீயரிங் வேண்டும். ஒன்பது கல்லூரிகளுக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். பெரியபாளையத்து அம்மனுக்கு வேப்பிலையைச் சேலையாகக் கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றி வருவது நேர்த்திக்கடன். மகன் வெட்கப்பட்டுக்கொண்டு வரவில்லையாம். விண்ணப்பம் போட்டதற்கு இன்று ஒரு சேலை, இடம் கிடைத்தால் இன்னொன்று என்றார். கிடைக்காவிட்டால் என்று நான் கேட்டிருக்கக் கூடாது.

"அப்பவும் ஒண்ணு கட்டணும் நைனா. அடுத்த வருசத்துக்கு."

அவர் கொடுத்த வேர்க்கடலை உருண்டைகளில் இரண்டு தின்றேன். மூன்றாவதைப் பையில் வைத்துக்கொண்டேன். ஈப்போவில் என் மருமகள் இதே காரியத்துக்காக வெள்ளிக்கிழமைதோறும் உண்ணாமல் இருந்து எல்லாரிடமும் எரிந்து விழுவாள். இந்த அம்மாள் சிரித்துக்கொண்டே கவலைப்பட்டார். அது ஒரு திறமை என்று எனக்குத் தோன்றியது.

கும்மிடிப்பூண்டியில் ரயில் பாதையின் ஒரு பக்கம் நெல் வயல், மறுபக்கம் புகைக்கூண்டு. கம்பி ஆலையின் வாசலில் இரண்டு மணிக்கு ஷிப்ட் விடும்வரை டீக்கடை பெஞ்சியில் காத்திருந்தேன். டீக்கடைக்காரர் சொன்னபடி, உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேர் சில வருடங்களுக்கு முன்வரை அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். சங்கு ஊதியதும் வெளியே வந்தவர்களை எண்ணினேன். நூற்றுப் பதினெட்டு. முகத்தில் இரும்புத் தூள். அவர்கள் பேசிக்கொண்டு வந்ததும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றித்தான். பாலிடெக்னிக்கா, ஐ.டி.ஐ.யா என்று இருவர் சண்டையே போட்டார்கள். ஈப்போ கிளப்பில் கேட்ட அதே பேச்சு, சட்டை மட்டும்தான் வேறு.

முனுசாமிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மீன்பிடிக்கிறவர் தோள், ஆலைக்காரர் காக்கிச் சட்டை. என் தகப்பனார் பெயரைச் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கவில்லை, யோசிக்கவும் இல்லை.

"சின்னத்தம்பியா? பதினாலு" என்றார், நேற்றுப் பார்த்த ஆளைப் பற்றிச் சொல்வது போல. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "இத்தினி வருசமா எங்க பூட்டீங்க பெரியப்பா? நாளான்னிக்கி உங்க முறை."

கூட வந்தவர் ஒருவர், சீமையிலிருந்து சொந்தக்காரர் வந்துவிட்டார், இனி முனுசாமி எங்கே இரும்பு தூக்கப் போகிறான் என்று கேலி செய்தார். முனுசாமி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முன்பே இரண்டு நாள் லீவு எழுதிக்கொடுத்திருந்தார். வியாழன் ஒரு நாள், வெள்ளி ஒரு நாள். வியாழன் என் தகப்பனாருடையது, வெள்ளி அவருடையது என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அன்று அவருக்குத் தெரிந்தவர் வீட்டில் தங்கினேன். புதன் காலை சுண்ணாம்புக்குளம்வரை பஸ், அங்கிருந்து படகு. படகு என் எடைக்கு இடப்பக்கம் சாய்ந்தது. பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். மதிப்பெண் நகல் நனைந்தால் எட்டுத்தான் மிஞ்சும் என்று கணக்குப் போட்டபடி நிமிர்ந்தபோதுதான் ஏரியைப் பார்த்தேன். கரை தெரியாத தண்ணீர், இடுப்பளவு ஆழம். அதன் நடுவில் ஒரு மனிதர் சாலையில் நிற்பதுபோல நின்று வலையை உதறிக்கொண்டிருந்தார். சிறிது நேரம் நான் எதையும் எண்ணவில்லை.

குப்பத்தில் முப்பத்திரண்டு தலைக்கட்டு. தலைக்கட்டு என்றால் முறையில் பங்குள்ள குடும்பம். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் அருகே ஓர் இடத்தில்தான் இறால் திரளாக வரும். அந்த இடத்தில் நாளைக்கு ஒரு குடும்பம் வலை போடும். முப்பத்திரண்டு நாளில் ஒரு சுற்று முடியும். அதிகாரி இல்லை, பூட்டு இல்லை. ஒரு நோட்டுதான்.

அன்றைய வலை கரையேறியதும் அடுத்த நாளின் பெயரைக் கரையில் நின்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயர்கள் எல்லாம் முதலில் முறை வகுத்தவர்களுடையவை. பேரன்கள் இன்றும் அதே பெயருக்குத்தான் பதில் சொல்கிறார்கள். இருந்தால் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். வர முடியாதவர் "விட்டேன்" என்பார், அந்த நாள் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போகும். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பெயர் அடிக்கப்படுவதும் இல்லை.

என் தகப்பனாருக்கு அடுத்து, பதினைந்தாவது பெயர் எல்லப்பன். முனுசாமியின் பாட்டனார். சின்னத்தம்பி கப்பலேறிய நாளிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பதில் வராது. எல்லப்பன் வீட்டார் அந்த நாளில் வலை போட்டு, ஒரு கூடையைச் சின்னத்தம்பி பேரால் அம்மன் கோயிலில் வைத்துவிட்டு, மீதியை எடுத்துக்கொள்வார்கள்.

இதைக் கேட்டதும் தோட்டத்துப் பேரேடு என் கண்முன் வந்தது. தோட்டத்தில் தினமும் விடியற்காலையில் பெரட்டு என்று ஒன்று உண்டு. ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. முப்பத்தொன்பது வருடம் அதைக் கூப்பிட்டவன் நான். மூன்று நாள் பதில் வராத பெயரை பேனாவால் அடித்தவனும் நான்தான். இங்கே அறுபது வருடத்துக்கு மேலாகப் பதில் வராத பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை, ஷிப்ட் முடிந்து வந்த முனுசாமி நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பார்க்காமலே கூப்பிட்டார். "சின்னத்தம்பி!"

"இருக்கேன்" என்றேன். கரையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

முனுசாமியின் வீட்டில் மடவை மீன் குழம்பும் சோறும் போட்டார்கள். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். பரிமாறியது அவருடைய மகள் தேசம்மாள். மாலதியின் வயதுதான். பதினோராம் வகுப்பு முடித்தவள். அந்தக் குப்பத்தில் அதுவரை அவ்வளவு படித்தவள் அவள் ஒருத்திதான். கை கழுவ எழுந்தபோது கூரை வாரையில் மெழுகுத் துணியில் சுற்றிச் செருகியிருந்த ஒரு காகிதக்கட்டு கண்ணில் பட்டது. ஓரம் வெளியே தெரிந்தது. அந்தக் கல்லூரியின் முத்திரை எனக்கு மனப்பாடம். என் பையில் இருந்ததும் அதே படிவம்.

இடம் ஒன்று. பெண்கள் இரண்டு.

கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். மாலதிக்குக் கான்வென்ட் ஆங்கிலம், டைப் அடித்த சான்றுகள், பன்னிரண்டு புகைப்படம். இரண்டு படிவமும் ஒரே மேஜைக்குப் போனால் எது மேலே நிற்கும் என்பது எனக்குத் தெரியும். கிராணி வேலையில் நான் எத்தனையோ மனுக்களை அப்படித்தான் அடுக்கியிருக்கிறேன்.

வியாழக்கிழமை, நீர் வற்றும் நேரத்தில் வலையை இறக்கினார்கள். முறைக்காரர் கயிற்றைத் தொட வேண்டும் என்பது வழக்கம். நான் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். வலை கனத்ததும் கயிறு என்னை ஆறு அடி முன்னே இழுத்துக்கொண்டு போனது.

"கணக்கப்புள்ள கவுற இழுக்கறாரா, கவுறு கணக்கப்புள்ளய இழுக்குதா?" என்று பதினாறாம் தலைக்கட்டுக்காரர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். பதினோரு கூடை இறால். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். ஒரு கூடையை அம்மனுக்கு நானே தூக்கிக்கொண்டு போனேன்.

வலை கரையேறியதும் முனுசாமி அடுத்த பெயரைக் கூப்பிட்டார். "எல்லப்பன்!" அது அவருடைய பாட்டனார் பெயர், பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். சொன்னார்: "விட்டேன்." குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பதினாறாமவர் தலையை ஆட்டிவிட்டு வலையை அலசப் போனார். இறால் நிறையும் பருவத்தில், முப்பத்திரண்டு நாளுக்கு ஒருமுறை வரும் நாள் அப்படிக் கைமாறியது. மறுநாள் மகளைக் கல்லூரிக்குக் கூட்டிப்போக வேண்டும், கடைசி நாள் என்றார் முனுசாமி.

குப்பத்தில் எதை எழுதுவதானாலும் தேசம்மாள்தான் எழுதுவாள். எனவே என் சான்றையும் அவளே எழுத வேண்டியதாயிற்று. எதற்காகச் சான்று என்று முதல் வரியில் எழுத வேண்டும். நான் கல்லூரியின் பெயரையும், கடைசிப் பக்கத்து இடத்தையும் சொன்னேன். பேனா நின்றது. அவள் தகப்பனைப் பார்த்தாள்.

"ஒரே எடம்தான நைனா" என்றாள்.

"இவரு பதினாலு. நாம பதினஞ்சு" என்றார் முனுசாமி. "முறை அவுங்களுது. எழ்து."

கல்லூரி இடமும் முகத்துவாரத்து இறாலைப் போலப் பட்டியல்படிதான் வரும் என்று அவர் நம்பினார். அப்படி இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உங்கள் பெண்ணும் அல்லவா கேட்டிருக்கிறாள் என்று மட்டும் முனகினேன்.

"உங்க நாளு வலையிலதான் பெரியப்பா இவ இஸ்கூலுக்கு போனா. சுத்துக்கு ஒரு நாளு கூட வந்துது, படிக்க வெச்சோம். அதுக்கு மேல உங்க முறையவே எட்த்துக்கினா, நாளைக்கு எம்பேர எவன் கூப்புடுவான்?"

தேசம்மாள் எழுதினாள். கையெழுத்து அச்சடித்தது போல இருந்தது. 'சின்னத்தம்பி குடும்பத்தார் இன்றும் இவ்வூரில் வசித்து வருபவர்கள்' என்று ஒரு வரி. நாங்கள் இங்கே வசிக்கவில்லையே அம்மா, பொய்யாகிவிடாதா என்று பதறினேன்.

"நோட்டுல பேரு இருந்தா ஊர்ல கீறாங்கன்னுதான் தாத்தா அர்த்தம்" என்றாள்.

ஐந்து பேர் கையெழுத்திட்டார்கள், இருவர் கைநாட்டு வைத்தார்கள். முனிசீப் நோட்டைப் பார்த்துவிட்டு எனக்கும் தேசம்மாளுக்கும் ஒரே சமயத்தில் முத்திரை போட்டார். மை காயும்வரை நான் ஊதிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கும்மிடிப்பூண்டியிலிருந்து பாசஞ்சர் வண்டி. மூவரும் ஒரே பெட்டியில். மீஞ்சூரில் சரக்கு வண்டிக்காக ஒரு மணி பத்து நிமிடம் நிறுத்தினார்கள். நான் இரண்டு முறை இறங்கி, வண்டியின் கார்டிடம் எப்போது கிளம்பும் என்று கேட்டேன். இரண்டாம் முறை அவர், பெரியவரே, நானும் வீட்டுக்குப் போக வேண்டியவன்தான் என்றார். முனுசாமி சாய்ந்து தூங்கினார். தேசம்மாள் விவரப் புத்தகத்தின் ஆங்கிலத்தை வாய்க்குள் படித்துக்கொண்டே வந்தவள், திடீரென்று கேட்டாள்.

"மாலதி ஏரிய பாத்துகிறாளா தாத்தா?"

இல்லை என்றேன்.

"அங்க கூப்ட்டு கேட்டாங்கன்னா இன்னா சொல்லுவா?"

அவள் தன் பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். வண்டி எண்ணூர் தாண்டும்வரை எழுதினாள். எந்த மாதத்தில் ஏரித் தண்ணீர் உப்பாகும், முகத்துவாரம் மணல் மூடினால் என்ன செய்வார்கள், இறால் எந்த நீரோட்டத்தில் வரும், பூநாரை எப்போது வரும், பாடு எப்படிக் கூப்பிடுவார்கள். மாலதி நேர்முகத்தில் சொல்வதற்காக. மடித்து என்னிடம் கொடுத்தாள். பிரித்து எண்ணினேன். பதினோரு குறிப்புகள். ஒன்றில்கூட அடித்தல் திருத்தல் இல்லை.

கல்லூரி வாசலை அடைந்தபோது மணி மூன்றே கால். பத்தொன்பது மோட்டார் கார்கள். மரத்தடியில் அறுபதுக்குமேல் தகப்பன்மார், எல்லாருடைய அக்குளிலும் கோப்பு. எங்கள் பக்கத்தில் ஒருவர் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பொழுதுபோக்கு என்னன்னு கேட்டா தோட்டம் போடறதுன்னு சொல்லு."

"நம்மகிட்ட தோட்டமே இல்லையேப்பா."

"துளசித் தொட்டி இருக்குல்ல?"

ஈப்போவில் செல்வராஜும் இந்நேரம் இப்படித்தான் மாலதிக்குச் சொல்லிக்கொண்டிருப்பான். 'ஏரி பற்றிக் கேட்டால்' என்று ஆரம்பிப்பான். அந்தத் தகப்பனைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாசலில் பெண்ணின் பெயரைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். உள்ளே நீண்ட கூடம், மேஜைக்குப் பின்னால் கண்ணாடி அணிந்த ஓர் அம்மையார். ஏரிக்கரை இடத்துக்கு அந்த வருடம் வேறு யாரும் கேட்கவில்லை என்று பக்கத்தில் இருந்த உதவியாளரிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. முனுசாமி சுவரோரம் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வழவழப்பான தரையில் போட்டுக்கொண்டு நடக்க அவருக்கு மனம் வரவில்லை. தேசம்மாள் அவருக்குப் பக்கத்தில்.

நான் பையைத் திறந்து கடைசி முறையாக எண்ணினேன். எல்லாம் சரியாக இருந்தது. 'இன்றும் இவ்வூரில் வசித்து வருபவர்கள்' என்ற வரியில் வந்து கண் நின்றது. யாராவது விசாரித்தால் என் மானம் போகும் என்ற பயமும் எனக்கு இருந்தது. அதை மறைப்பானேன்? ஆனால் பயம் மட்டும் அல்ல. நோட்டின் கணக்குப்படி அந்த வரி உண்மையாக இருக்க வேண்டுமானால், அதற்கு ஏற்றபடி நான் ஒன்று செய்தாக வேண்டும் என்று தோன்றியது.

"மாலதி செல்வராஜ்!" என்று அம்மையார் கூப்பிட்டார்.

எழுந்து நின்றேன். "விட்டேன்" என்றேன்.

அம்மையாருக்கு விளங்கவில்லை. விண்ணப்பம் கொண்டுவரவில்லையா என்று கேட்டார். கொண்டுவந்திருக்கிறேன், கொடுக்கப்போவதில்லை, அடுத்த பெயரைக் கூப்பிடுங்கள் என்றேன். அவர் சீட்டைத் திருப்பி வைத்துவிட்டு, தேசம்மாள் பெயரைக் கூப்பிட்டார். அவள் அசையவில்லை. தகப்பனைப் பார்த்தாள். முனுசாமி என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, பதினாறாமவர் அன்று கரையில் ஆட்டியது போலவே தலையை ஆட்டினார். அவள் மேஜைக்குப் போனாள்.

ரசீது வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். மணி நான்கு நாற்பது. முனுசாமி செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வர்ற வருசம் மாலதிய இட்டாந்துடுங்க பெரியப்பா. அடுத்த சுத்து உங்களுதுதான். பேரு எங்கியும் பூடாது."

அந்தக் கல்லூரியில் அப்படி ஒரு சுற்று இல்லை என்பதை அப்போதும் நான் சொல்லவில்லை. முகத்துவாரத்தில் என் முறை மறுபடி எப்போது வரும் என்று மட்டும் கேட்டேன். நேற்றிலிருந்து முப்பத்திரண்டாம் நாள் என்றார். என் கப்பல் பன்னிரண்டாம் நாள். அதைச் சொன்னேன்.

"அப்ப அதுக்கு அடுத்தது" என்றார்.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டுத் தபாலாபீஸுக்குப் போய் செல்வராஜுக்குத் தந்தி எழுதினேன். 'இந்த முறை விட்டேன். பெயர் பட்டியலில் இருக்கிறது.' ஆறு வார்த்தை. ஜன்னலில் இருந்தவர் இரண்டு முறை படித்துவிட்டு, இதில் விஷயம் ஒன்றும் விளங்கவில்லையே, பெரியவரே, ஏதாவது சேர்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், மீதியை நேரில் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். எப்படிச் சொல்வது என்பதற்கு என்னிடம் பன்னிரண்டு நாளும், கப்பலில் ஏழு நாளும், தேசம்மாள் எழுதிய ஒரு தாளும் இருந்தன.